பூங்காவைப் பகலில் பூட்டுகிறார்கள்

நேற்று மத்தியானம் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது புல் அறுக்கிற வாசனை வந்தது. பச்சைப் புல்லை அறுத்தால் கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் கசப்புமாக வருமே, அந்த வாசனை. இந்த வெயிலில் யார் புல் அறுக்கிறது என்று நின்று பார்த்தேன். பூங்காவுக்குள்ளே ஒருவர் மெஷினைத் தள்ளிக்கொண்டு போகிறார். பூங்கா கேட் பூட்டியிருக்கிறது. கேட்டுக்கு இந்தப் பக்கம், மதில் சுவரை ஒட்டி ஒரு முழத்துக்கு விழுந்திருந்த நிழலில், இரண்டு பெண்கள் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். உடம்பு நிழலில், கால் வெயிலில்.

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. வயசான காலத்தில் கோபம் கூடாது, பிரஷர் ஏறும் என்று மகள் சொல்கிறாள். ஏறட்டும். இந்தக் கேட்டின் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்று நேற்று வந்ததில்லை. இந்த ஊர்ப் பெயரை எழுத வேண்டாம், யாராவது சண்டைக்கு வருவார்கள் என்றும் அவள் சொல்லியிருக்கிறாள். சரி, எழுதவில்லை. கடற்கரை ஊர், கப்பல் வந்துபோன ஊர், அவ்வளவு போதும்.

நான் நன்னிலம் பக்கத்துக்காரி. நடவும் களையும்தான் தெரிந்த தொழில். ஆற்றிலே தண்ணீர் வருமா வராதா என்று ரேடியோவைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த வருஷங்கள் வந்தன, ஞாபகம் இருக்கிறதா? குறுவை போயிற்று. சம்பாவுக்கும் நாற்று விடப் பயந்துகொண்டு விதையை நேராகத் தெளித்துவிட ஆரம்பித்தார்கள். தெளித்த வயலில் நடவு ஆளுக்கு என்ன வேலை? எங்கள் தெரு ஆண்கள் திருப்பூர் என்றும் கேரளா என்றும் போனார்கள். என் வீட்டுக்காரர் சவூதிக்குப் போனார். பெண்கள் நாங்கள் காலை முதல் பஸ்ஸில் இந்த ஊருக்கு வீட்டு வேலைக்கு வந்தோம்.

அப்போதுதான் இங்கே வெளிநாட்டுப் பணத்தில் புதுசு புதுசாக வீடு எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் எத்தனை ரூம், அத்தனை ரூமுக்கும் ஒரு பாத்ரூம். எல்லாவற்றையும் கழுவிவிட வேண்டும். காலையில் பாத்திரம், துணி, தரை. மத்தியானத்துக்குள் அது முடிந்துவிடும். அப்புறம் அவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். நாலு மணிக்கு மறுபடி வந்து சாயங்காலப் பாத்திரம். நடுவில் இருக்கிற பொழுதுக்கு எங்கே போவது? ஊருக்குப் போய்த் திரும்ப பஸ் இல்லை. மாடிப்படிக்குக் கீழே கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன் என்று ஒரு வீட்டில் கேட்டேன். நான் ஒன்றைக் கேட்பது என்றால் என்ன என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், இரண்டு நாள் ஒத்திகை பார்த்துக்கொண்டு கேட்டேன். ஆம்பளைகள் வந்துபோகிற இடம், சரிப்படாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த ரூம்களில் பாதி ஆளே இல்லாமல் பூட்டிக் கிடந்தவை. கூட்டியது நான்தானே, எனக்குத் தெரியாதா?

ஆக, தினமும் பன்னிரண்டு மணி ஆனால் எங்களுக்கு வீடு கிடையாது. எங்களுக்கு என்றால் மூன்று பேருக்கு. நான் ஒருத்தி. மேரி அக்கா ஒருத்தி. ஆரோக்கியமேரி என்று முழுப் பேர். பிறந்தது வேதாரண்யம் பக்கம், உப்பளத்தில் வேலை பார்த்துவிட்டு எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். நடவுக்கு வந்தாலும் வாய்தான் முதலில் வயலில் இறங்கும். மூன்றாவது செல்வி, சின்னப் பெண், அப்போது அவளுக்கு ஆறு மாசம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு இரண்டு வீடு பார்த்தாள். மத்தியானத்தில் காலை நீட்டிப் படுக்காவிட்டால் சாயங்காலம் பாதம் பன்னு மாதிரி வீங்கிவிடும். படுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கே படுக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

அப்படித்தான் நாங்கள் பூங்கா பார்க்கப் புறப்பட்டோம். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் பார்க்கிற மாதிரி இல்லை. சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு, நிழலைத் தேடி.

முதலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பூங்கா. ஒரு சிலை, அதைச் சுற்றி நாலு பெஞ்சு. நாலிலும் ஆண்கள் படுத்திருந்தார்கள். ஒருவருக்கும் ஆறு மாசம் இல்லை, அவர்களை யாரும் எழுப்பவும் இல்லை. புதரடியில் சீட்டுக்கட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஓரமாக உட்கார்ந்து சோற்றைப் பிரித்தோம். எதிரில் ஒருவன் வந்து நின்று எந்த ஊர், எத்தனை மணிக்குப் பஸ், துணைக்கு யார் என்று விசாரிக்க ஆரம்பித்தான். மேரி அக்கா கையில் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தாள். "பொண்ணு பாக்க வந்தியாப்பா? தட்டு எங்க?" என்றாள். அவன் போய்விட்டான். ஆனாலும் மறுநாள் அங்கே போகவில்லை.

அடுத்தது கடற்கரை. கடல் என்றால் குளிர்ச்சி என்று யார் சொன்னது? மத்தியான மணல் வறுகடலைச் சட்டி மாதிரி இருந்தது. கொஞ்சம் தள்ளிச் சவுக்குத் தோப்பு. ஆகா என்று போய் உட்கார்ந்தோம். சவுக்குக்கு நிழல் உண்டா என்றால் உண்டு, சல்லடையில் சலித்த நிழல். ஆனால் காற்று நன்றாக இருந்தது. செல்வி முந்தானையை விரித்துப் படுத்தும்விட்டாள். அதற்குள் காக்கிச் சட்டை போட்டவர் வந்து, சருகு பொறுக்க வந்தீர்களா என்று விரட்டினார். சத்தியமாகப் பொறுக்கவில்லை. கிளம்பும்போதுதான் மேரி அக்கா கூடையில் கொஞ்சம் அள்ளிப் போட்டுக்கொண்டாள். சும்மா வந்த பேருக்கு இதுவாவது இருக்கட்டும் என்றாள். சவுக்குச் சருகு வாசனை இன்றைக்கும் எங்கே வந்தாலும் எனக்கு அடுப்பு ஞாபகம் வருவதில்லை, விரட்டின ஞாபகம்தான் வருகிறது.

கோயில் குளத்துப் படி, மாதா கோயில் வாசல், தாலுகா கச்சேரி வேப்பமரம், எல்லாம் பார்த்தோம். ஒரு இடத்தில் கருவாட்டு வாசனை ஆகாது. ஒரு இடத்தில் பெண்கள் படுக்கக்கூடாது. எங்கே போனாலும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான், இங்கே என்ன வேலை? வேலை இல்லாத நேரத்துக்குத்தானே ஐயா இடம் தேடுகிறோம்.

கடைசியில்தான் இந்தப் பூங்கா. அன்றைக்கு இதை யாரும் சீந்தவில்லை. துருப்பிடித்த சறுக்கு மரம், ஒரு பக்கம் ஒடிந்த சீசா பலகை, ஒரு காலத்தில் ஊருக்கே ரேடியோ பாடின சின்னக் கட்டடம், ஒரு தண்ணீர்க் குழாய். நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அடேயப்பா, அது மரமா? ஒரு தெருவையே கூப்பிட்டு உட்கார வைக்கலாம். காய் விழுந்து மிதிபட்டு, வெல்லப்பாகு வாசனை அடிக்கும். வெயில் ஏற ஏற இலையை விரித்து வைத்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் ஆனால்தான் மூடும். எங்களுக்கென்று நேரம் பார்த்து விரித்த மாதிரி இருந்தது.

வாட்ச்மேன் ஒரு பாய், கூத்தாநல்லூர்க்காரர். மகன்கள் சிங்கப்பூரில். மருமகள்களோடு ஒத்துவரவில்லையோ என்னவோ, இங்கே ஒரு கொட்டகையில் கிடந்தார். உள்ளே வரலாமா என்று கேட்க மேரி அக்காவுக்கே அன்று வாய் எழவில்லை, அத்தனை இடத்தில் விரட்டு வாங்கியிருந்தோம். அவர் செல்வியின் வயிற்றைப் பார்த்தார். பிறகு குழாயைக் காட்டினார்.

"கொழா தண்ணி நல்ல தண்ணிதாம்மா. நாலு மணிக்கு ஒண்ணு ரெண்டு பேரு வருவாங்க, அதுக்குள்ள எந்திரிச்சிடுங்க."

அவ்வளவுதான் அவர் போட்ட சட்டம். ஒரு மாசத்துக்கு மேல் அந்தச் சட்டத்தை நாங்கள் மீறியதே இல்லை.

அந்த மத்தியானங்களை எப்படிச் சொல்வேன். வேலை செய்கிற வீட்டில் நாங்கள் சுவர் ஓரமாகவே நடந்து பழகியவர்கள். இங்கே நடுவில் உட்கார்ந்தோம். நான் யார் எதிரிலும் சாப்பிடக் கூச்சப்படுகிறவள், திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். "பொண்ணு பாக்க வந்தவன்தான் அன்னிக்கே ஓடிட்டானே, இன்னும் ஏண்டி வெக்கப்படுற" என்று மேரி அக்கா என் தூக்கில் கையை விட்டுத் துவையலை எடுத்துக்கொள்வாள். செல்வி படுத்துக்கொண்டு பிள்ளைக்குப் பேர் வைத்து வைத்துப் பார்ப்பாள். பாயிடம் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தைலம் இருந்தது, அவள் காலுக்குத் தேய்க்கச் சொல்லிக் கொடுத்தார். உப்பளத்தில் நிழல் என்றால் நம்முடைய நிழல் ஒன்றுதான், அதிலே உட்காரவா முடியும் என்று மேரி அக்கா சொல்வாள். சொல்லிவிட்டு மரத்தை அண்ணாந்து பார்ப்பாள்.

அப்புறம் வந்தது வினை. பூங்காவை அழகுபடுத்தப் போகிறார்கள் என்றார்கள். ஒரு பதினைந்து நாள் தகரம் வைத்து அடைத்தார்கள். நாங்கள் கடை வாசல்களில் உட்கார்ந்து ஒப்பேற்றினோம். திறந்தபோது சறுக்கு மரம் இல்லை, சீசா இல்லை. எட்டுப் போட்ட மாதிரி கல் பதித்து ஒரு பாதை. அதில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் உடம்புக்கு நல்லதாம். ஆயுசு பூராவும் வரப்பில் செருப்பில்லாமல் நடந்தவர்கள் நாங்கள், எங்கள் உடம்பைப் பார்த்தும் சொல்கிறார்களே! மரத்தடியில் இட்லிப்பூச் செடிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பாய் எப்போதும் போல உள்ளே விட்டார். விட்டுவிட்டு மத்தியானத் தொழுகைக்குப் போனார்.

நாங்கள் அந்தப் பாத்தியைப் பார்த்தோம். செடிக்கும் செடிக்கும் நடுவே எங்கு பார்த்தாலும் கொத்துக் கொத்தாகப் புல்.

"பாத்தியாடி இவனுவ வேலைய. செடிய வச்சிட்டுக் களை எடுக்காமப் போயிட்டானுவ" என்றாள் மேரி அக்கா.

பாவம் பாய், வயசானவர், இதையெல்லாம் அவர் தலையில்தான் கட்டுவார்கள் என்று செல்வி சொன்னாள். இத்தனை நாள் தண்ணீரும் நிழலும் கொடுத்த மனுஷனுக்கு நாம் என்ன செய்தோம் என்று எனக்கும் தோன்றியது. செல்வியை உட்கார வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினோம். எத்தனை நாளாயிற்று மண்ணில் கை வைத்து! ஈர மண், விரல் நுழைந்த இடமெல்லாம் குளிர்ந்தது. வேர் அறாமல் பிடுங்கி, மண்ணை உதறி, பாதை ஓரத்தில் கட்டுக் கட்டாக அடுக்கினோம். ஒரு கொத்து விடவில்லை. பாத்தி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பாய் வந்தால் என்ன சொல்வார் என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பாய் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"அது வாங்கி நட்ட புல்லும்மா" என்றார்.

"புல்ல யாராச்சும் வாங்குவாங்களா பாய்?"

"லாரில வந்து எறங்குச்சும்மா."

நீங்களே சொல்லுங்கள். எங்கள் ஊரில் புல் என்றால் பிடுங்குவது. மாட்டுக்கு அறுப்பது. பூச்செடிக்கு நடுவே புல்லைக் காசு கொடுத்து வாங்கி, ஆள் வைத்து நட்டு, அதற்குத் தண்ணீரும் பாய்ச்சுவார்கள் என்று யார் கண்டது? ஆற்றில் தண்ணீர் இல்லை என்று நெல்லுக்கு இல்லாத தண்ணீரை, இங்கே ஹோஸ் வைத்துப் புல்லுக்கு விடுவார்கள் என்று கனவிலாவது தோன்றுமா?

ஆனால் பாய்க்கு வேலை போய்விடும். அது மட்டும் புரிந்தது. மேரி அக்கா கட்டுகளைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள். "நாத்துன்னு நெனச்சுக்க. எறங்குடி" என்றாள். இறங்கினோம். களைக்கு முன்னால் நகருகிற கால், நடவுக்குப் பின்னால் நகரவேண்டும். செல்வி கட்டைப் பிரித்துப் பிரித்து வீசினாள், நாங்கள் விரலால் குத்திக் குத்திப் பின்னால் நகர்ந்தோம். பாய் குழாயைத் திறந்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். லாரியில் வந்தவர்கள் கோணல் மாணலாக நட்டிருந்தார்கள், எங்களுக்குக் கை வராது அப்படி. கயிறு பிடித்த மாதிரி நேர் வரிசை.

கடைசி வரிசையில் இருக்கும்போது நாலு மணிக்காரர்கள் வந்துவிட்டார்கள். முன்பு ஒன்றிரண்டு பேர் வந்த இடத்துக்குப் புதுப் பாதை போட்ட பிறகு காரில் வந்து இறங்கினார்கள். நடப்பதற்குக் காரில் வருவார்கள், நடந்துவிட்டுக் காரில் போவார்கள். வெள்ளை ஷூ போட்ட ஒருவர் நேராக எங்களிடம் வந்தார். இவர்கள் யார் என்று பாயிடம் கேட்டார். தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என்று பாய் சொல்லியிருக்கலாம். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். மத்தியானத்தில் இப்படிக் கொஞ்சம் உட்காருவார்கள் சார், படுப்பார்கள் சார் என்று சொல்லிவிட்டார். புல்லைப் பற்றி அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் அதைப் பிடுங்கினதும் தெரியாது, நட்டதும் தெரியாது. மரத்தடியில் இருந்த எங்கள் தூக்குகளையும், செல்வி படுக்க விரித்திருந்த பழம்புடவையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேரி அக்காதான் பேசினாள். "புள்ளத்தாச்சி சார். மத்தியானத்துக்கு உக்கார எடமில்லைங்க."

"பார்க்குங்கறது நடக்குறதுக்கும்மா. படுக்குறதுக்கு இல்ல" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாடம் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னார்.

விடிந்ததிலிருந்து நடந்துகொண்டுதான் இருக்கிறோம், உட்காரத்தான் வந்தோம் என்று என் தொண்டை வரைக்கும் வந்தது. நின்றுவிட்டது. என் வாய் அப்படிப்பட்ட வாய்.

கொஞ்ச நாளில் கேட்டில் பலகை மாட்டினார்கள். காலை ஐந்து முதல் ஒன்பது வரை, மாலை நான்கு முதல் எட்டு வரை. நான் அஞ்சாங்கிளாஸ்தான், ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். நடுவில் ஒரு பகல் இருக்குமே, அதைக் காணோம். வீட்டில் ஃபேனும் கட்டிலும் இருக்கிறவர்களுக்குக் காலையும் மாலையும் திறந்து வைத்து, அது எதுவும் இல்லாதவர்களுக்கு வேண்டிய நேரமாகப் பார்த்துப் பூட்டியிருக்கிறார்கள். பாய் கையில் பூட்டை வைத்துக்கொண்டு எங்களைப் பார்க்காமல் நின்றார். "பூட்டச் சொல்லிட்டாங்கம்மா. அதப் பூட்டறது நானாத்தானா இருக்கணும்" என்றார். அடுத்த மாசம் அவர் கூத்தாநல்லூருக்கே போய்விட்டார்.

கடை வாசல்களில் இன்னும் கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்த்தோம். கடைக்காரர்கள் படியில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள், நாங்கள் உட்காரக்கூடாது என்று. செல்வியின் கால் செருப்புக்குள் நுழையாமல் போனது. ஒரு மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே சரிந்துவிட்டாள். இரண்டு வீட்டையும் விட்டுவிட்டு வீட்டுக்காரரோடு திருப்பூருக்குப் போனாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது என்று சொல்லக் கேட்டேன், அவள் வைத்து வைத்துப் பார்த்த பேர்களில் எதை வைத்தாள் என்று தெரியவில்லை. மேரி அக்கா இறால் கம்பெனிக்குப் போனாள், பகல் பூராவும் ஐஸ் தண்ணீரில் நின்று தோல் உரிக்கிற வேலை. குளிருக்காவது ஒரு கூரை இருக்கிறது என்றாள். நான் மட்டும் வீட்டு வேலையை விடவில்லை. பஸ் ஸ்டாண்டில் தூணுக்குப் பின்னால் நின்றபடி சாப்பிடப் பழகினேன். பிறகு மத்தியானம் சாப்பிடாமலே இருக்கப் பழகினேன்.

நாங்கள் நட்ட புல்லா? அது பிழைத்துக்கொண்டது. அந்தப் பாத்திதான் மற்ற இடத்தைவிட அடர்த்தியாக வந்தது, கேட்டுக் கம்பி வழியாகப் பார்த்திருக்கிறேன். தூங்குமூஞ்சி மரத்தை, சருகு கொட்டுகிறது, கார் மேல் காய் விழுகிறது என்று பின்னால் வெட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு நீரூற்று கட்டினார்கள். அதில் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை.

இப்போது இந்த ஊரில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று அவள் சாயங்காலங்களில் என்னை இதே பூங்காவுக்குக் கூட்டிவருகிறாள். எட்டு எட்டாக நடக்கிறேன். கால் வலித்து நின்றால் பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போகிறார்கள்.

நேற்று அந்த இரண்டு பெண்களைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டத்தான் நினைத்தேன். கால் போகவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். அவர்களில் ஒருத்தி, பக்கத்து ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிறவளாம், நகர்ந்து ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தாள். "வெயில்ல நிக்காதீங்கம்மா, உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். என் காலும் வெயிலில் கிடந்தது. எந்த ஊர் என்றேன். நன்னிலம் பக்கம் என்றாள்.

அப்புறம் சொன்னேன். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மரம் இருந்தது, நான் உன் வயசில் தினமும் மத்தியானம் அதனடியில்தான் சாப்பிட்டேன், முந்தானையை விரித்துத் தூங்கினேன், வாட்ச்மேன் எங்களுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுப்பார் என்று.

அவள் பூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நம்மளயா? பார்க்குக்குள்ளயா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்துச் சிரித்தாள். கிழவி விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டாள்.